பாட்டிலில் நிற்கும் கணக்கு: இதய ஆபரேஷனுக்குப் பின் ரத்த இழப்பு – வாசகர் கேள்வி பதில்

இதய ஆபரேஷன் ஆனவர்களின் நெஞ்சிலிருந்து பாட்டிலுக்குப் போகும் ‘டிரெயின்’ குழாயைப் பற்றி வந்த கேள்விகள் இந்த முறை. கேட்டவர்களில் நோயாளியின் வீட்டாரும் உண்டு, நர்சிங் படிப்பவர்களும் உண்டு. அதனால் சில பதில்கள் கொஞ்சம் நுணுக்கமாகவே இருக்கும். குழந்தை பற்றிய கேள்வி தவிர மற்ற இடங்களில் சொல்லும் அளவுகள் பெரியவர்களுக்கானவை. ஒரு நோயாளிக்கு என்ன செய்வது என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கே: அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து நாலு மணி நேரம் ஆகிறது. டிரெயின் பாட்டிலில் 440 மி.லி. வந்திருக்கிறது என்றார்கள். இது அதிகமா? – தஞ்சாவூர் வாசகர்

ப: 440 என்ற மொத்தத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. மணிக்கு மணி எப்படி வந்தது என்று கேளுங்கள். முதல் மணியில் 180, அடுத்து 120, பிறகு 80, 60 என்று இறங்கியிருந்தால் நிம்மதியாக இருக்கலாம். அதே 440, 60, 90, 120, 170 என்று ஏறி வந்திருந்தால் ஐ.சி.யூ.வில் இருப்பவர்கள் ஏற்கெனவே சர்ஜனைக் கூப்பிட்டிருப்பார்கள், கூப்பிட்டிருக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் கொஞ்சம் ரத்தம் வருவது இயல்பு. அது நேரம் போகப்போகக் குறைய வேண்டும்.

மொத்தத்துக்கும் ஒரு அளவுகோல் உண்டு. 2014-ல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட வகைப்பாடு, முதல் 12 மணி நேரத்தில் டிரெயினில் வந்ததைக் கணக்கில் எடுக்கிறது. 600 மி.லி.க்குள் என்றால் பொருட்படுத்த வேண்டாதது. 800 வரை லேசானது, 1,000 வரை நடுத்தரம், 2,000 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது. எத்தனை பை ரத்தம் ஏற்றினார்கள், நெஞ்சைத் திரும்பத் திறந்தார்களா என்பவற்றையும் சேர்த்துத்தான் இறுதி வகை முடிவாகும்.

ஆளின் உடலையும் பார்க்க வேண்டும். 80 கிலோ ஆணின் உடலில் கிலோவுக்கு 70 மி.லி. வீதம் 5,600 மி.லி. ரத்தம் இருக்கும். 50 கிலோ பெண்ணுக்குக் கிலோவுக்கு 65 வீதம் 3,250 தான். அரை லிட்டர் போனால் அவருக்கு 9 சதவீதம், இவருக்கு 15 சதவீதம்.

கே: டிரெயின் அளவை எடுப்பதில் ஐ.சி.யூ.வில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். சரியான முறை என்ன? – நர்சிங் மாணவி, மதுரை

ப: கணக்கு தப்புவது பெரும்பாலும் தொடக்கத்திலேயே. ஒற்றை பாட்டிலில் முதலிலேயே நீர் ஊற்றியிருப்போம். உள்ளே இறங்கும் கண்ணாடிக் குழாயின் நுனி 2 செ.மீ. நீருக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக அந்த நீர். அது 300 மி.லி.யோ 500-ஓ, நோயாளி தியேட்டரிலிருந்து வந்தவுடன் பாட்டிலில் செங்குத்தாக ஒரு பிளாஸ்டர் ஒட்டி, நீர்மட்டத்தில் கோடு போட்டு, நேரமும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது ஷிஃப்டில் வருபவர் நீரையும் ரத்தம் என்று எழுதிவிடுவார்.

அளவு எடுக்கும்போது பாட்டில் சமதளத்தில் நேராக நிற்க வேண்டும். சாய்ந்த பாட்டில் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் காட்டும். குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்து எழுதுவது அளவே இல்லை. நுரை இருந்தால் நுரைக்குக் கீழே உள்ள மட்டம்தான் கணக்கு.

பலர் மறப்பது குழாயில் நிற்கும் ரத்தம். இணைப்புக் குழாயின் உள்விட்டம் 1 செ.மீ. என்றால் ஒரு மீட்டர் நீளம் ஏறக்குறைய 80 மி.லி. பிடிக்கும். குழாய் கட்டிலுக்குக் கீழே வளைந்து தொங்கினால் அந்த வளைவில் ரத்தம் தேங்கி, பாட்டில் அசையாமல் நிற்கும். வளைவு நிறைந்துவிட்டால் உறிஞ்சுவிசையும் நெஞ்சுவரை போய்ச் சேராது. எனவே ஒவ்வொரு அளவுக்கு முன்பும் நோயாளி பக்கத்திலிருந்து குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, உள்ளிருப்பதைப் பாட்டிலுக்கு வடித்துவிட்டுப் பிறகு படியுங்கள்.

முதல் மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு மணிக்கு ஒரு முறை என்று பார்ப்பது நல்ல வழக்கம். சார்ட்டில் ‘இந்த மணியில்’, ‘இதுவரை மொத்தம்’ என்று இரண்டு கட்டங்கள் வேண்டும். மொத்தத்தை மணிக்கணக்கு என்று எழுதிவிடுவதும், பாட்டில் மாற்றியபோது பழையதில் இருந்ததைச் சேர்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கும் பிழைகள். எண்ணோடு நிறம், கட்டி வந்ததா, குமிழி வருகிறதா, மூச்சோடு நீர்மட்டம் ஏறி இறங்குகிறதா என்பதையும் எழுதுங்கள். இதயத்தைச் சுற்றி ஒன்றும் இடது நுரையீரல் பக்கம் ஒன்றுமாக இரண்டு குழாய்கள் இருந்தால் தனித்தனி பாட்டில் நல்லது. இரண்டையும் ஒய் இணைப்பில் சேர்த்துவிட்டால் எந்தப் பக்கம் கசிகிறது என்று பாட்டில் சொல்லாது.

சக்‌ஷன் வைத்தால் 20 செ.மீ. நீர் அளவுக்குள், குறைந்த அழுத்த ரெகுலேட்டர் வழியாக. சக்‌ஷனை நிறுத்தும்போது சுவரில் மட்டும் மூடிவிட்டு டியூபை அப்படியே மாட்டி வைக்காதீர்கள். பாட்டிலின் காற்றுவழி அடைபட்டுவிடும். டியூபைக் கழற்றித் திறந்து விட வேண்டும். ஒற்றை பாட்டிலில் இன்னொரு சங்கடம்: ரத்தம் நிறைய நிறைய, 2 செ.மீ. மூழ்கியிருந்த நுனி 10 செ.மீ. மூழ்கிவிடும். காற்று வெளியேற அவ்வளவு தடை. பாதிக்கு மேல் போனால் மாற்றிவிடுங்கள். மூன்று அறை கொண்ட பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை. ரத்தம் தனி அறையில் சேர்கிறது.

கே: பாட்டியை ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் ஒரேயடியாக 150 மி.லி. கொட்டியது. பயந்துவிட்டோம். – காரைக்குடி வாசகி

ப: கறுத்த சிவப்பாக வந்து, அத்தோடு நின்றுவிட்டதா? அப்படியானால் அது நுரையீரலுக்கு வெளியே தேங்கியிருந்த பழைய ரத்தம். படுத்த நிலை மாறியதும் குழாயின் வாய்க்கு வந்து இறங்கியிருக்கிறது. பளிச்சென்ற சிவப்பில், குழாயைத் தொட்டால் வெதுவெதுப்பாக, அடுத்த கால் மணியிலும் தொடர்ந்தால் அது புது ரத்தம். சார்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘திருப்பிப் படுக்க வைத்தபோது’ என்று ஒரு வார்த்தை எழுதினால், இரவில் வரும் டாக்டருக்கு வீண் கலக்கம் இருக்காது.

கே: மணிக்கு 200 வீதம் வந்துகொண்டிருந்த ரத்தம் திடீரென்று நின்றுவிட்டது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் டாக்டர்கள் ஓடி வந்தார்கள். ஏன்? – சேலம் வாசகர்

ப: ஓடி வந்தது சரிதான். மணிக்கு 200 வந்தது 120, 70 என்று இறங்கி நின்றால் ரத்தக்கசிவு நின்றது என்று பொருள். 200-லிருந்து நேராகப் பூஜ்யம் என்றால் குழாய்தான் அடைத்திருக்கிறது என்று முதலில் நினைக்க வேண்டும். கசிவு உள்ளே தொடரும். வெளியே வர வழியில்லாத ரத்தமும் கட்டியும் இதயத்தைச் சுற்றிச் சேர்ந்து அதை அழுத்தும். இதை டாம்போனாட் என்பார்கள். நெஞ்சுக்குள் இருக்கும் குழாயின் வெளிவிட்டமே 9 முதல் 11 மி.மீ. வரைதான், அதை அடைக்க விரல் நீளக் கட்டி ஒன்று போதும்.

அப்போது பாட்டில் பொய் சொல்லும், மானிட்டர் சொல்லாது. இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாயின் (சிரையின்) அழுத்தமான சி.வி.பி. ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும், நாடி வேகமெடுக்கும். சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி.க்கும் கீழே போகும், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிவரும். திசுக்களுக்கு ரத்தம் போதவில்லை என்று காட்டும் லாக்டேட்டும் ஏறும். எல்லாம் ஒன்றாக வராமலும் போகலாம். ரத்தம் போய் உடல் காய்ந்திருப்பவருக்கு சி.வி.பி. ஏறாமலே டாம்போனாட் வரும். நெஞ்சுக்கு மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கட்டி தெரியாமல் போவது உண்டு. உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோ அதைக் காட்டும். ஆள் சரிந்துகொண்டிருந்தால் எக்கோவுக்குக் காத்திருக்காமல் நெஞ்சைத் திறப்பார்கள். அதற்காகத்தான் ஐ.சி.யூ.வில் மார்பெலும்புக் கம்பி வெட்டும் கருவியோடு ஒரு செட் எப்போதும் தயாராக இருக்கும்.

குழாயை அடைக்காமல் வைத்திருக்க அதை விரல்களுக்கு நடுவே வைத்து நீளமாக உருவி இழுக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. அது வேண்டாம். அப்படி உருவினால் உள்ளே 400 செ.மீ. நீர் வரை உறிஞ்சும் அழுத்தம் உண்டாகலாம். நாம் வைக்கும் சக்‌ஷனைப் போல 20 மடங்கு. கட்டி தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் மடித்து மெதுவாகப் பிசைந்து விடலாம்.

கே: மறுநாள் பாட்டிலில் வெளிறிய சிவப்பு நீர்தான் வந்தது. அதையும் ரத்த இழப்பில் சேர்க்கலாமா? – நாகர்கோவில் வாசகர்

ப: அப்படியே சேர்த்தால் தப்பு. அதில் பாதிக்கு மேல் திசுக்களிலிருந்து ஊறும் நீர். எவ்வளவு ரத்தம் என்று தெரிய வேண்டுமானால் டிரெயின் நீரிலிருந்து ஒரு மாதிரி எடுத்து ஹிமாட்டோகிரிட் (அதில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற எண்) பார்க்கலாம். பாட்டிலில் முதலில் ஊற்றிய நீர் கலக்காதபடி குழாயிலிருந்தே எடுக்க வேண்டும்.

கணக்கு எளிது. பாட்டில் அளவை டிரெயின் ஹிமாட்டோகிரிட்டால் பெருக்கி நோயாளியின் ஹிமாட்டோகிரிட்டால் வகுக்க வேண்டும். மறுநாள் 240 மி.லி. வந்தது, டிரெயினில் 12, நோயாளிக்கு 30 என்றால், 240 × 12 ÷ 30 = 96 மி.லி. ரத்தம். முதல் ஓரிரு மணியில் டிரெயின் எண்ணும் நோயாளியின் எண்ணும் பக்கம் பக்கமாக இருக்கும், அப்போது இந்தக் கணக்கே தேவையில்லை. பத்து மணி நேரம் கழித்தும் இரண்டும் நெருங்கியே இருந்தால் அது கசிவு அல்ல, ரத்தப்போக்கு.

கே: ஆபரேஷனுக்கு முன் அம்மாவுக்கு ரத்தம் 13 பாயிண்ட். முடிந்ததும் 9.8. டிரெயினில் வந்ததோ 350 மி.லி. தான். மீதி ரத்தம் எங்கே போனது? – கோயம்புத்தூர் வாசகி

ப: கொஞ்சம் போயிருக்கும், பெரும்பகுதி எங்கும் போகவில்லை, நீர்த்திருக்கிறது. ஆபரேஷனின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் ஹார்ட்–லங் மெஷினின் குழாய்களைக் காற்றில்லாமல் நிரப்ப 1,200 முதல் 1,500 மி.லி. வரை திரவம் தேவை. மெஷின் ஓடத் தொடங்கியதும் அது உடல் ரத்தத்தோடு கலந்துவிடும். 60 கிலோ ஆளுக்கு 4,200 மி.லி. ரத்தம் என்று வைத்து, அதில் 1,400 மி.லி. திரவத்தைக் கலந்து பாருங்கள். 13 × 4,200 ÷ 5,600 = 9.75. ஒரு சொட்டும் சிந்தாமலே 9.75 வந்துவிட்டது. இதயத்தை நிறுத்தி வைக்கும் கார்டியோபிளீஜியா திரவமும் இதோடு சேரும். அடுத்த இரண்டு மூன்று நாளில் சிறுநீர் பெருக்கும் மருந்தால் உபரி நீர் வெளியேறும்போது, ரத்தம் ஏற்றாமலே எண் கொஞ்சம் ஏறும். மெஷின் இல்லாமல் துடிக்கும் இதயத்திலேயே செய்யும் பைபாஸில் இந்த நீர்ப்பு குறைவு. ஆகவே அங்கே இதே அளவு இறங்கினால் டாக்டர்கள் வேறு விதமாகத்தான் யோசிப்பார்கள்.

பாட்டிலுக்கு வராத ரத்தமும் உண்டு. தியேட்டரில் போனது, பைபாஸுக்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்த இடத்தில் தொடைக்குள் தேங்கியது, நுரையீரலைச் சுற்றி நிற்பது. படுத்தபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி அரை லிட்டர் நின்றாலும் ஒரு பக்கம் லேசாக மங்கலாக மட்டுமே தெரியும். அல்ட்ராசவுண்டில் பார்த்தால் சட்டென்று தெரிந்துவிடும். ஐ.சி.யூ.வில் அடிக்கடி எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளிலும் நாளுக்கு 40–50 மி.லி. எளிதாகப் போகும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு, நீர் சமநிலைக்கு வந்தபின், முழு இழப்பையும் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. உடலின் மொத்த ரத்தத்தை, ஹிமாட்டோகிரிட் எவ்வளவு இறங்கியதோ அதனால் பெருக்கி, முன்னும் பின்னுமான இரண்டின் சராசரியால் வகுக்க வேண்டும். 39-லிருந்து 30 ஆனால் 4,200 × 9 ÷ 34.5, அதாவது சுமார் 1,100 மி.லி. இடையில் ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் கூட்ட வேண்டும். முதல் நாள் எண்ணை வைத்து இந்தக் கணக்கைப் போடுபவர்கள், கலந்த நீரையும் இழப்பாக எண்ணி இரண்டு மடங்கு காட்டிவிடுவார்கள்.

கே: தியேட்டரில் போகும் ரத்தத்தை எப்படி அளக்கிறார்கள்? – அனஸ்தீசியா டெக்னீஷியன் மாணவர், வேலூர்

ப: சக்‌ஷன் ஜாடியில் உள்ளதிலிருந்து, கழுவ ஊற்றிய சலைனைக் கழிக்க வேண்டும். எவ்வளவு ஊற்றினோம் என்று யாராவது ஒருவர் எழுதி வைத்தால்தான் இது நடக்கும். மெஷின் ஓடும்போது பம்ப் சக்கர் உறிஞ்சுவது திரும்ப உடலுக்கே போகிறது. அது இழப்பில் சேராது.

மாப், காஸ் துணிகளை எடை போட வேண்டும். உலர்ந்த மாப் 20 கிராம் என்றால், நனைந்த 10 மாப் 650 கிராம் இருந்தால் 450 கிராம் ரத்தம். ஒரு மி.லி. ரத்தம் 1.06 கிராம் என்பதால் சரியாக 425 மி.லி. அவசரத்தில் ஒரு கிராம் ஒரு மி.லி. என்றே வைத்துக்கொள்ளலாம். சலைனில் நனைத்துக் கொடுத்த மாப் என்றால், நனைத்துப் பிழிந்த எடையைத்தான் கழிக்க வேண்டும். எடுத்தவுடன் நிறுங்கள், வாளியில் கிடந்தால் காயும். கண்ணால் பார்த்து மதிப்பிடுவது பெரிய இழப்பைக் குறைத்தும் சின்ன இழப்பைக் கூட்டியும் காட்டும்.

சிந்திய ரத்தத்தைச் சேர்த்துக் கழுவித் திரும்பக் கொடுக்கும் கருவியான செல் சேவரில் சேர்ந்த 1,500 மி.லி.யை இழப்பு என்று எழுதாதீர்கள். அதில் கழுவிய நீரும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த சலைனும் இருக்கும். திரும்பி வந்த பையை வைத்துக் கணக்கிடலாம். ஹிமாட்டோகிரிட் 55 உள்ள 300 மி.லி. வந்தால், நோயாளியின் எண் 35 ஆக இருக்கும்போது அது 471 மி.லி. ரத்தத்துக்குச் சமம். சிவப்பணு மட்டும் திரும்புகிறது, உறைய வைக்கும் புரதங்களும் பிளேட்லெட்டும் கழுவிப் போய்விடுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

கே: ‘திரும்ப நெஞ்சைத் திறந்து பார்க்க வேண்டும்’ என்றார்கள். ஆபரேஷனில் தவறு நடந்துவிட்டதா? – திருவள்ளூர் வாசகர்

ப: தவறு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். உலகெங்கும் நூறு பேரில் இரண்டு முதல் ஆறு பேருக்கு இது தேவைப்படுகிறது. பல யூனிட்டுகள் வைத்திருக்கும் எல்லைக்கோடு இது: முதல் மணியில் 500 மி.லி.க்கு மேல், இரண்டு மணியில் 800, மூன்றில் 900, நாலில் 1,000, ஐந்தில் 1,200. சில இடங்களில் இதைவிடக் குறைவாக வைத்திருப்பார்கள்.

அதற்கு முன் ரத்தம் உறையாததற்கான காரணங்களைச் சரிபார்ப்பார்கள். மெஷினில் போடும்போது கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் கொடுத்து, ஏ.சி.டி. என்ற உறைநேரத்தை 480 விநாடிக்கு மேல் ஏற்றி வைத்திருப்பார்கள். முடிந்ததும் 100 யூனிட்டுக்கு ஒரு மி.கி. என்ற கணக்கை ஒட்டி புரோட்டமின் கொடுத்து முறிப்பார்கள். சில மணி கழித்துத் திசுக்களில் ஒளிந்திருந்த ஹெப்பாரின் திரும்ப ரத்தத்தில் கலப்பது உண்டு. ஏ.சி.டி. நீண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் புரோட்டமின். உடல் சூடு 36 டிகிரிக்குக் குறைவா, கால்சியம் குறைவா, ரத்தம் அமிலமாகிவிட்டதா, பிளேட்லெட் எவ்வளவு, உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன் 150-க்குக் கீழே போய்விட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஆபரேஷனுக்கு முன் பிளேட்லெட்டைத் தடுக்கும் மாத்திரையான க்ளோபிடோக்ரெலை ஐந்து நாள் நிறுத்தாமல் அவசரமாகச் செய்திருந்தால் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தும் அவை வேலை செய்யாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ரத்தம் குறையவில்லை என்றால் சந்தேகம் தையல் இடங்கள் மேல்தான். மார்பு ரத்தக்குழாயைப் பிரித்தெடுத்த படுகை, காலிலிருந்து எடுத்து ஒட்டிய ரத்தக்குழாயின் கிளை, மெஷின் குழாய் செருகிய இடம், மார்பெலும்புக் கம்பி குத்திய இடம். அந்த நிலையில் பிளாஸ்மா பை மேல் பை ஏற்றிக்கொண்டு விடியட்டும் என்று காத்திருப்பதைவிடச் சீக்கிரம் திறப்பதே நல்லது. திறந்து பார்த்தால் குறிப்பிட்ட இடம் எதுவும் அகப்படாமல் கட்டிகளை மட்டும் எடுத்துக் கழுவி மூடுவதும் நடக்கும். அதன் பிறகு கசிவு நின்றுவிடுவதும் உண்டு, ஏனென்றால் தேங்கிய கட்டியே சுற்றியுள்ள ரத்தத்தை உறையவிடாமல் செய்யும்.

கே: பாட்டிலில் சேர்ந்த ரத்தத்தையே திரும்ப ஏற்றிவிட்டால் என்ன? – கும்பகோணம் வாசகர்

ப: கழுவாமல் ஏற்றுவது இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. அது உறைந்து கரைந்த ரத்தம். ஏற்றினால் ரத்தப்போக்கு கூடலாம்.

கே: ஆறு கிலோ குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை அடைத்தார்கள். ஒரு மணியில் 60 மி.லி. வந்ததற்கே பெரிய பரபரப்பு. அது அரை டம்ளர்கூட இல்லையே? – தூத்துக்குடி வாசகி

ப: ஆறு கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே கிலோவுக்கு 80 வீதம் 480 மி.லி. தான். 60 என்பது எட்டில் ஒரு பங்கு. ஒரு மணியில் கிலோவுக்கு 10 மி.லி., அல்லது தொடர்ந்து மூன்று மணி கிலோவுக்கு 5 மி.லி. வந்தால் சர்ஜனைக் கூப்பிட வேண்டும் என்பது பரவலான விதி. உங்கள் குழந்தைக்கு முதல் எல்லை சரியாக அந்த 60 தான்.

பெரியவர்களின் குழாயைக் குழந்தைக்கு மாட்டினால் ஒரு மீட்டரிலேயே 80 மி.லி. மறைந்துவிடும், ஆபத்து எல்லை தாண்டியும் பாட்டில் வெறுமையாக இருக்கும். அதனால்தான் சின்னக் குழாய், மி.லி. மி.லி.யாகக் கோடு போட்ட சின்னக் கலன். காஸ் துணியும் ஒரு கிராம் துல்லியத்தில் எடை. பரிசோதனைக்கு 2 மி.லி. வீதம் ஆறு தடவை எடுத்தால் 12 மி.லி.; அதையும் இழப்புக் கணக்கில் எழுதுவார்கள். பால் கொடுக்கத் தொடங்கிய பிறகு டிரெயின் நீர் வெண்மையாக வந்தால் அது ரத்தக் கணக்கல்ல, நிணநீர்க் குழாய் கசிகிறது. சிஸ்டரிடம் உடனே காட்டுங்கள்.

கே: டிரெயினை எப்போது எடுப்பார்கள்? அதோடு நடக்கலாமா? – புதுச்சேரி வாசகர்

ப: பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு நாளில். 24 மணியில் 200 மி.லி.க்குள், நிறம் வெளிறியதாக, குமிழி இல்லாமல் இருந்தால் எடுத்துவிடுவார்கள். நடக்கலாம்; பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, நேராக இருக்கட்டும். தூக்கிக் கட்டில் மேல் வைத்தால் உள்ளிருக்கும் நீர் நெஞ்சுக்குள் திரும்பிப் போகும். இடம் மாற்றும்போது கிளாம்ப் போட வேண்டாம். பாட்டில் மாற்றும் சில விநாடிக்கு மட்டும் போட்டு உடனே எடுக்க வேண்டும்.

குழாய் எடுத்த பிறகு ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். வால்வு மாற்றி ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் போன்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கு வீட்டுக்குப் போன பிறகும், இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட, இதயத்தைச் சுற்றி நீரோ ரத்தமோ சேரலாம். அப்போது அளந்து பார்க்கப் பாட்டில் இருக்காது. படுத்தால் மூச்சு முட்டுவது, தலைசுற்றல், சிறுநீர் குறைவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே போய் எக்கோ எடுத்துவிடுங்கள்.